நாற்பத்தெட்டில் ஒரு பங்கு வலை

அண்ணன் மூன்றாவது தடவையாக அந்த வலையைப் பிய்த்தபோது நான் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். இரண்டு கட்டைவிரல் நகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன அளவோ, அவ்வளவுதான் மொத்த வலையும். அதை வெட்டி, ஓரம் சீவி, பசை தொட்டு வைத்துக் காயவிட எங்களுக்கு ஒரு வாரம் பிடித்திருந்தது. இடுக்கியால் ஒரு மூலையைப் பிடித்தார். ஒரே இழுப்பு. "பாம்பு மாதிரி நெளிஞ்சிகினு கீது. உனக்கு இன்னா, கண்ணு தெரியலயா?" என்றார். எனக்கு நன்றாகவே தெரிந்தது. ரூல் போட்ட நோட்டுப் பக்கம் போல ஒவ்வொரு இழையும் நேராக இருந்தது. கடிகாரக் கடைக்காரர்கள் மாட்டிக்கொள்வார்களே, அந்தக் கறுப்புக் குழல் லென்ஸ், அதை வலது கண்ணில் இடுக்கிக்கொண்டு அவர் பார்த்தது வேறு ஏதோ. கோளாறு வலையில் இல்லை, அவர் கண்ணில் இருக்கிறது என்று என் மரமண்டைக்கு உறைக்க ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் அவர் மின்சார ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் பாதி நாட்கள் அந்த ரயிலில் நானும் ஏறி ஆபீசுக்குப் போயிருக்கிறேன்.

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் அடுக்குமாடி. மூன்றாவது மாடியில் அவர்கள் வீடும் என் வீடும் எதிரெதிர். நான் விருதுநகர்க்காரி. அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர். அதாவது, மற்றவர்கள் எழுதியதில் குறை கண்டுபிடித்துச் சொல்வதுதான் எனக்குச் சோறு போடுகிறது. வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் நான்கு மாதம் தரையில் இருப்பார். அண்ணன் ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர், புறநகர் ரயிலில் மோட்டார்மேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார், நான் அவரை அண்ணே என்பேன், அவர் மனைவி எனக்கு அண்ணி. கூரியர்காரர் ஒருநாள் பெட்டியை வீடு மாற்றிக் கொடுத்ததில் தொடங்கிய உறவு இது. எனக்கும் ஒரு மாடல் விமானப் பெட்டி வரவேண்டியிருந்ததால் பெயரைக்கூடப் பார்க்காமல் பிரித்துவிட்டேன். கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னாம்மா, உனக்கும் இந்தக் கிறுக்கு கீதா?" என்றார். அதற்கப்புறம் அவருடைய ஓய்வு நாளும் என் விடுமுறையும் ஒத்துவந்தால் போதும், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துவிடுவோம். "ரெண்டு கொழந்தைங்களும் வெளாட ஒக்காந்துடுச்சுப்பா" என்று சொல்லி அண்ணி டீ வைத்துவிட்டுப் போவார்.

அந்த முறை நாங்கள் கட்டியது எஃப்-117. ரேடாருக்குத் தட்டுப்படாத கறுப்பு விமானம். வளைவு நெளிவே இல்லாமல், பட்டை பட்டையாகச் சீவி வைத்தது போன்ற உடம்பு. விமானியின் அறைக்கு இரண்டு பக்கமும் இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் வாய்கள் இருக்கும். மற்ற விமானங்களில் அந்த வாய் திறந்து கிடக்கும். உள்ளே சுழலும் விசிறியே ரேடாரிடம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இதில் வாயை மூடி ஒரு வலைக் கிராதி போட்டிருப்பார்கள். காற்று நுழையும், ரேடார் அலை நுழையாது. நிஜ விமானத்தில் ஓட்டை ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான். அதை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பெட்டியில் வந்த பிளாஸ்டிக்கில் அந்த இடத்தில் ஒரு கெட்டிப் பலகையைக் கோடு கிழித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அண்ணன் முகம் சுண்டிவிட்டது. "இதுல காத்து பூருமா? இன்ஜினு மூச்சு முட்டி செத்துடும்" என்றார். பலகையை அறுத்து எடுத்துவிட்டு நிஜமான வலையே வைப்பது என்று முடிவானது. ஒரே ஒரு கண்டிப்பு: இழைகள் வாயின் விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். ஓர் இழை சாய்ந்தாலும் அது பொம்மைக் கடைப் பொம்மைதான்.

வலைக்கு நாங்கள் அலைந்த அலைச்சலைச் சொன்னால் சிரிப்பீர்கள். டீ வடிகட்டியை வெட்டினோம், ஓட்டை பெரிது. கொசுவலை அதைவிடப் பெரிது. கடைசியில் பூந்தமல்லியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பாய் ஒருவரிடம் போனோம். ஸ்கிரீன் பிரிண்டிங் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்களே, அந்த மெல்லிய துணி. அங்குலத்துக்கு எண்பது இழை ஓடுகிற ரகம் அவரிடம் இருந்தது. "ஏரோப்ளேனுக்கா? நம்ம நிக்காஹ் கார்டு ஸ்கிரீனா?" என்று பாய் இரண்டு தடவை கேட்டுவிட்டு, கிழிந்த சட்டம் ஒன்றைச் சும்மாவே தூக்கிக் கொடுத்தார். அதில் யாரோ ஒரு மணமகளின் பெயர் மங்கலாகத் தெரிந்தது. எழுத்து விழாத இடமாகப் பார்த்து வெட்டினோம். பசை ஓட்டைகளை அடைக்காமல் இருக்க, ஊசி நுனியால் ஓரத்தில் மட்டும் தொட்டுத் தொட்டு வைக்கப் பழகினோம். முதல் வலை உட்கார்ந்தபோது நான் கைதட்டினேன். விளக்கில் பிடித்தால் ஒவ்வொரு ஓட்டையிலும் வெளிச்சம். அண்ணன் லென்சை மாட்டிக்கொண்டு பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், பிய்த்துவிட்டார். அடுத்த வாரம் இரண்டாவது. அதுவும் போச்சு.

மூன்றாவதையும் பிய்த்த அன்றுதான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நல்லவேளையாக ஒட்டி முடித்ததுமே செல்போனில் பெரிதாக்கி ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "பாருங்கண்ணே. இதுல எங்க கோணல் இருக்கு? காட்டுங்க பாப்போம்." லென்சைக் கழற்றிவிட்டு, இரண்டு கண்ணாலும் வெகுநேரம் பார்த்தார். "போட்டோல எல்லாம் நேராத்தான் தெரியும்" என்று முனகினார். அன்றைக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை. கறுப்பு பெயின்ட் பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தக் கறுப்பு கூட சாயம் போனாப்புல கீது" என்று சொல்லிவிட்டு மூடி வைத்தார். நான் டெஸ்டர் அல்லவா? படத்தில் நேர், லென்சில் கோணல், பெயின்டில் வெளிறல் என்று மூன்று தகவல் கையில் இருக்கிறது. ஆபீசில் இப்படி மூன்று வந்தால் அடுத்த நிமிடம் எங்கே கோளாறு என்று கையை வைத்திருப்பேன். வீட்டில் என்ன செய்தேன் தெரியுமா? பிடிவாதக்கார மனுஷன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் நான் போனபோது அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். அண்ணி என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனார். "அம்மாடி, அவரு சொல்றதுக்கு ஆமான்னு சொல்லிட்டுப் போயேன். ராவெல்லாம் பொரண்டுகினே கீறாரு. மூணு மணிக்கு எந்திரிச்சி வண்டி எடுக்கப் போவணும். தூக்கமில்லாம ஓட்டினா இன்னா ஆவறது? ஆயிரம் பேரு குந்திகினு வராங்க." நியாயம்தானே? எனக்கும் அப்படித்தான் பட்டது. அண்ணன் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக வந்ததும் வராததுமாகக் கத்தியை எடுப்பவர், அன்று கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "தங்கச்சி, வெளாட்டா கேக்கல. அந்த வலை உனக்கு நெசமாவே நேரா தெரிஞ்சிதா? இல்ல, உனக்கும் வளைஞ்சிதான் தெரிஞ்சிதா?" அண்ணி வாசற்படியில் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார். "வளைஞ்சுதான் இருந்துச்சுண்ணே. நான்தான் சோம்பேறித்தனத்துல சமாளிச்சேன்" என்றேன். அவர் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். சிரித்தார். அன்று நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார் என்று மறுநாள் அண்ணி சொன்னார். எனக்குப் பெரிய புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது வேடிக்கையாக இருந்தது. ஐந்தாவது வாரம் ஸ்டீல் ஸ்கேலை வலைமேல் வைத்து லென்சில் பார்த்தவர், ஸ்கேலே வளைந்திருக்கிறது என்று சொல்லி அதைத் தூக்கி மூலையில் போட்டார். புது ஸ்கேல் வாங்கி வந்தார். இரண்டு நாளில் அதுவும் வளைந்துவிட்டதாம். "சைனா மாலு. வெயில்ல வெச்சா உருகிடும்போல" என்றார். நானும் அண்ணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஒரு மனிதர் இரும்புத் துண்டைப் பார்த்து வளைந்திருக்கிறது என்கிறார், பக்கத்தில் இரண்டு பெண்கள் சிரிக்கிறோம். மறுநாள் விடியற்காலையில் அவர் பன்னிரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறார். சீ, என்ன ஜென்மம் நான் என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆறாவது வாரக் கடைசியில் என்னைக் கூப்பிடாமலே ஒரு வலையைத் தனியாக ஒட்டி முடித்துவிட்டார். பசை ஈரமாக இருக்கும்போதே ஊசியால் ஒவ்வோர் இழையாகத் தள்ளித் தள்ளி, தன் கண்ணுக்குச் சரியாக வரும்வரை திருத்தியிருக்கிறார். ஏழாவது வாரம் கதவைத் தட்டி, "வா வா, வந்து பாரு. இதுதான்டா வலை" என்று இழுத்துப் போனார். பார்த்தேன். நடுவில் இழைகள் எல்லாம் ஒரு பக்கமாகத் தொப்பை போட்டுப் புடைத்திருந்தன. லென்ஸ் வேண்டாம், தூரத்திலிருந்தே தெரிந்தது. அன்று நான் சொன்ன பொய்யைக் கண்டுபிடித்து என்னை நையாண்டி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். "என்னண்ணே, கிண்டலா? இப்படித் தள்ளிக்கிட்டு நிக்குது, இதைப் போயி நேர்ங்கிறீங்களே!" என்று கத்திவிட்டேன். அவரும் எழுந்துவிட்டார். "உனக்குத்தான் கண்ணுல கோளாறு! போயி டாக்டர் கிட்ட காட்டு மொதல்ல!" அண்ணி ஓடிவந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வீம்புக்காகத்தான் டாக்டரிடம் போனேன். கண் நன்றாக இருக்கிறது என்று ஒரு சீட்டு வாங்கி அவர் முகத்தில் விட்டெறிய வேண்டும், அவ்வளவுதான். அம்பத்தூரில் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, என் வயதொத்த டாக்டரம்மா. எழுத்தெல்லாம் படிக்கச் சொன்ன பிறகு, கையகலத்தில் ஓர் அட்டையை நீட்டினார். கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் ஒரு புள்ளி. "இடது கண்ண மூடிக்கோங்க. புள்ளிய மட்டும் பாருங்க. கோடெல்லாம் நேரா இருக்கா? எங்கயாவது வளைஞ்சு, நெளிஞ்சு தெரியுதா?"

அட்டையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். பூந்தமல்லி பாய் கொடுத்த வலையேதான் அது, கொஞ்சம் பெரிதாக. "நெளிஞ்சு தெரிஞ்சா என்ன டாக்டர்?" என்றேன். "விழித்திரைக்கு அடியில தண்ணி கோத்திருக்கலாம். வேற எதுவாவும் இருக்கலாம். ஏன், உங்களுக்குத் தெரியுதா?" எனக்கில்லை என்றேன். ஒரு கண்ணில் மட்டும் இப்படி வந்தால் ஆளுக்கே தெரியாதா என்று கேட்டேன். இரண்டு கண்ணையும் திறந்து பார்க்கும்போது நல்ல கண் சமாளித்துவிடும், மாதக்கணக்கில்கூடத் தெரியாமல் இருக்கும், தூக்கம் கெட்டு வேலை பார்க்கிற ஆண்களுக்குத்தான் அதிகம் வரும் என்றார். நிறம்கூட வெளிறித் தெரியுமாம். "யாருக்கு இப்படி இருக்கு? உடனே வரச் சொல்லுங்க. அவர் என்ன வேலை பாக்கறார்?" அந்த அட்டையில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

அன்று அவருக்கு மூன்று மணி வரை டூட்டி. அம்பத்தூர் நடைமேடையில் நிற்கும்போது எதிர்ப்பக்கம் ஒரு வண்டி வந்து நின்றது. முதல் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு தலை தெரிந்தது. அவரா, வேறு யாராவதா என்று பார்ப்பதற்குள் கிளம்பிப் போய்விட்டது. கதவுகளில் தொற்றிக்கொண்டு போன ஜனங்களைப் பார்த்தேன். டிபன் பை, காலேஜ் பை, பூக்கூடை. எல்லோரும் என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

நாலரை மணிக்கு அவர் மாடியேறி வந்தார். படிக்கட்டிலேயே மறித்து அட்டையைக் கொடுத்தேன். சண்டையைத் தொடர வந்திருக்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பினார். "அண்ணே, உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன். இடது கண்ண மூடிட்டு இதப் பாருங்க. அப்புறம் என்னை என்ன வேணா சொல்லுங்க." என் குரலைக் கேட்டு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். இடது கண்ணைப் பொத்தினார். பார்த்தார். கையை எடுத்தார். மறுபடி பொத்தினார். அடுத்து வலது கண்ணைப் பொத்திப் பார்த்தார். படிக்கட்டின் சுவரில் சாய்ந்துகொண்டார். "நடுவுல குழி வுழுந்தாப்புல கீது" என்றார். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாளைக் காலையில் வண்டி எடுக்கக் கூடாது என்றேன். "ரெண்டு கண்ணும் தொறந்துகினுதானம்மா ஓட்றேன். சிக்னலு எல்லாம் நல்லாத்தான் தெரியுது. ஒரு வாரம் டைம் குடு. நானே பாத்துக்கறேன். ஒரு தபா எறக்கி உட்டாங்கன்னா அப்பறம் மேல ஏத்த மாட்டாங்க. இருவத்திரெண்டு வருசம். வண்டிய உட்டா எனக்கு வேற இன்னா தெரியும், சொல்லு?" கெஞ்சினார். நான் அவரைக் கெஞ்சிப் பார்த்ததே இல்லை. மனது இளகியது, அதுதான் ஏற்கெனவே ஒருமுறை இளகி நாசம் பண்ணியிருந்ததே! "நாளைக்கு நீங்க வண்டியில ஏறினா நான் நேரா ஸ்டேஷன் மாஸ்டர் ரூமுக்குப் போயிருவேன். சத்தியமாப் போவேன்" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. என்னைத் தள்ளிக்கொண்டு மேலே நான்கு படி ஏறினவர் திரும்பி நின்றார்.

"அன்னிக்கி எனக்கே டவுட்டு வந்துச்சு. அதான் உன்னக் கேட்டேன். வெளாட்டா கேக்கலன்னு சொல்லித்தான் கேட்டேன். நீ குறை கண்டுபுடிக்கிறவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிகினேன். உனக்கும் வளைஞ்சி தெரிஞ்சிதுன்ன. சரி, நம்ம கண்ணு நல்லாத்தான் கீதுன்னு நிம்மதியா வண்டி ஓட்டினேன். இப்ப வந்து மெரட்ற." கதவு சாத்திக்கொண்டது. நான் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணிமேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன். சொல்ல வைத்தது அண்ணிதான். சொன்னது என் வாய். அவர் கேட்டது என்னைத்தான்.

விடியற்காலை நாலரைக்கெல்லாம் ஆட்டோ பிடித்து ஆவடி ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். அவர் எடுக்கும் வண்டி நடைமேடையில் விளக்கெரிய நின்றுகொண்டிருந்தது. பால்காரர்கள், மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் நின்றேன். உள்ளே போய் என்ன சொல்வது? எதிர்வீட்டுக்காரி, பொம்மை விமானத்துக்கு வலை ஒட்டும்போது கண்டுபிடித்தேன் என்றா? அப்போது படிக்கட்டு இறங்கி அவர் வந்தார். யூனிஃபார்ம் போட்டிருந்தார். தோளில் பை. கதவுக்கும் எனக்கும் ஓர் அடி. நான் திரும்பிக் கதவில் கையை வைத்துவிட்டேன்.

"சொல்லிட்டியா?" பின்னாலிருந்து கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "சொல்லாத. நான் சொல்லிட்டு வந்துட்டேன். டூட்டி ரூம்ல எழுதிக் குடுத்தாச்சு. வேற ஆளு எடுக்கறாரு." பின் எதற்கு யூனிஃபார்ம் என்று நான் கேட்கவில்லை, என் கண் போன திசையைப் பார்த்து அவரே சட்டையைத் தொட்டுக்கொண்டார். "இந்நேரத்துக்கு இதத்தான் மாட்டிப் பழக்கம். மாட்டினப்பறம்தான் பாத்தேன்." அவர் அதே வண்டியில் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. நானும் கூடவே ஏறினேன். எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்தோம். அண்ணனூர் வரும் முன்பே அவர் வலது கை முழங்காலிலிருந்து எழுந்து, இல்லாத ஒரு பிரேக் பிடியை மெல்லத் தள்ளியது. அடுத்த நொடி வண்டி வேகம் குறைந்தது. திருமுல்லைவாயிலிலும் அப்படியே. அம்பத்தூர் வரும்போது அவர் அதைக் கவனித்துவிட்டார். கையை இழுத்துப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அம்பத்தூரில் இறங்க மனம் வரவில்லை. ஆஸ்பத்திரி வரை போனேன்.

தண்ணீர்தான் கோத்திருந்தது. சில மாதங்களில் வற்றியும் விட்டது. கோடுகள் அநேகமாக நிமிர்ந்துவிட்டன என்கிறார். ஆனால் அந்தக் கண்ணுக்குச் சிவப்பு மட்டும் கொஞ்சம் வெளிறித்தான் தெரிகிறது, அப்படித் தெரிகிறவர் கையில் வண்டியைக் கொடுக்க மாட்டார்கள். மூன்று வாரம் முன்னால் கூட்டி வந்திருந்தால் இது முழுதாகச் சரியாகியிருக்குமா என்று பெரிய டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். ஆமாம் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன், இல்லை என்றிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இந்தச் சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அண்ணியும் நானும் இன்றுவரை அந்தச் சமையலறைப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. விமானத்தை அண்ணி பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அண்ணன் கடைசி ஸ்டேஷனில் ஒரு டூட்டி அறையில் உட்கார்ந்து, யார் எந்த வண்டியை எடுப்பது என்று பட்டியல் போடுகிறார். சாதாரணச் சட்டைதான். காலையில் ஒரே வண்டியில் போகிறோம். மழையைப் பற்றி, லிஃப்ட் ரிப்பேரைப் பற்றி, கூட்டத்தைப் பற்றிப் பேசுவோம். அந்த ஏழு வாரத்தைப் பற்றி மட்டும் அவரும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. போன மாதம் ஒருநாள், வண்டி திருமுல்லைவாயில் தாண்டி வரும்போது, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். அந்த ஏழு வாரம் நீ என் வண்டில வந்தியே. எதுனா வித்தியாசம் தெரிஞ்சிதா? ஒயுங்கா நிறுத்தினேனா?"

வண்டி வேகம் குறைய ஆரம்பித்திருந்தது. இறங்குகிறவர்கள் எழுந்து கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் எழுந்தாக வேண்டும். அவர் கண்ணைப் பார்த்தேன். நல்லாத்தான் ஓட்டினீங்கண்ணே என்று சொன்னால் அந்த மனுஷன் எவ்வளவு சந்தோஷப்படுவார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர் கேட்கிறார். இனி எந்த வண்டிக்கும், எந்தச் சனத்துக்கும் அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

"ரெண்டு தடவை தள்ளி நிறுத்துனீங்கண்ணே" என்றேன். "அம்பத்தூர்லதான். லேடீஸ் பெட்டி மேம்பாலப் படிக்கட்டைத் தாண்டிப் போயிருச்சு. நான் உங்களைத் திட்டிக்கிட்டே திரும்பி நடந்து வந்தேன்."

சொல்லிவிட்டேனே தவிர அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. வண்டி நின்றது. எனக்குப் பின்னாலிருந்தவர் தோளில் தட்டி, எறங்குங்கம்மா என்றார். அண்ணன் தலையை ஆட்டினார்.

"மூணு தபா" என்றார். "நீ சொல்றியான்னு பாத்தேன். போ, எறங்கு, வண்டி எடுத்துடுவான்."